பேப்பரும் குடிமையியல் பாடமும்

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் குடிமையியல் எடுக்கிறேன். அன்றாட அரசியல் செய்தியைப் பாடத்தோடு சேர்க்க ஆசை. ஆனால் பேப்பரை விரித்ததுமே வகுப்பு கட்சி கட்சியாகப் பிரிந்துவிடுகிறது; பீரியடும் போய்விடுகிறது. என்ன வழி?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: செய்தியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். யார் யாரைச் சாடினார் என்பதில் பாடம் கிடைக்காது. உத்தரவு, மசோதா, தீர்ப்பு, அரசாணை, கிராம சபைத் தீர்மானம் இவற்றில் ஒன்றாவது உள்ள செய்தியை எடுங்கள். கரும்பலகையில் ஆட்பெயர், கட்சிப்பெயர் வேண்டாம். முதலமைச்சர், ஆளுநர், சபாநாயகர் என்று பதவியை மட்டும் எழுதுங்கள். சண்டை பெருமளவு அங்கேயே அடங்கும்.

உங்கள் ஊருக்கு, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டான இ-பாஸைவிட நல்ல தொடக்கம் இல்லை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்துவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 'இதைக் கொண்டுவந்தது யார்?' என்று கேட்டால் 'கலெக்டர்' என்பார்கள். உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். 2024 மே 7இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்ததும் அதே நீதிமன்றம்தான். ஆட்சியர் அதைச் செயல்படுத்துகிறார். அடுத்து அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 19க்குப் போங்கள். நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைத் தருகிற அந்த உறுப்பே, பொதுநலனுக்காகவும் பட்டியல் பழங்குடியினர் நலனுக்காகவும் சட்டத்தின் மூலம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. தோடர், கோத்தர், இருளர் வாழும் மலையில் அந்த வரியைப் படிக்காமல் தாண்டக் கூடாது.

நேரத்துக்குக் கணக்கு வையுங்கள்: வாசிக்க 3 நிமிடம், நோட்டில் எழுத 5, பாடநூலின் உரிய பக்கத்தைத் திறந்து ஒப்பிட 4. மீதி நேரம் பாடத்துக்கு. நோட்டில் மூன்று பத்தி போதும்: எந்த அமைப்பு செய்தது, எந்த அதிகாரத்தில் செய்தது, இதை ஏற்காதவர் அடுத்து எங்கே போகலாம். மூன்றாவது பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பது அதை நிரப்பும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

வெட்டியெடுத்த செய்தி நறுக்கில் தேதி எழுதாவிட்டால் பாடமே தவறிவிடும். பத்தாம் வகுப்பு 'மாநில அரசு' பாடத்துக்கு ஆளுநர்–மசோதா செய்தி மிகப் பொருத்தம். 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். மசோதாமீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடுவும் வைத்தார்கள். பிறகு குடியரசுத் தலைவர் உறுப்பு 143இன்படி கருத்துக் கேட்க, நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது'ம் கூடாது என்றது. ஏப்ரல் நறுக்கை மட்டும் வைத்து நடத்தினால் மாணவர் பாதியைத்தான் அறிவார். இரண்டையும் அருகருகே ஒட்டி, தீர்ப்பு எது, கருத்துரை எது என்று கேளுங்கள். ஒரு முழு பீரியடையே இதற்குக் கொடுக்கலாம். அவ்வளவு விஷயம் இருக்கிறது.

கேள்வி: நீலகிரி எம்.பி. வேட்பாளர் அவிநாசியில் ஏன் ஓட்டுக் கேட்கிறார்? அது திருப்பூர் மாவட்டம் ஆயிற்றே?
– பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்

பதில்: தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, கண்ணு. நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. மலையின் மக்கள்தொகை தனியாக ஒரு மக்களவைத் தொகுதிக்குப் போதாது என்பதால் சமவெளியும் சேர்ந்தது. தொகுதிகளை மக்கள்தொகைப்படி மாற்றி வகுக்கும் மறுவரையறைச் செய்தியைப் படிக்கும்போதும் இந்தக் கணக்கை நினைவில் வை. தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள். மாநிலவாரி இட எண்ணிக்கையை 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை மாற்றாமல் வைத்தது 2001இன் 84ஆவது அரசமைப்புத் திருத்தம். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்: சட்டமன்றத் தொகுதி 109 கூடலூர், மக்களவைத் தொகுதி 19 நீலகிரி என இரண்டும் அச்சாகியிருக்கும்.