பில் போட்டாச்சு, வரியும் கட்டியாச்சு, பணம் எங்கே?

கேள்வி: திருப்பூரில் ஏழு வருடமாகச் சிறிய வெப் டிசைன் நிறுவனம் நடத்துகிறேன். என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வருட வரவு சுமார் 18 லட்சம். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் பனியன் ஏற்றுமதி கம்பெனிகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து புது வேலை குறைந்துவிட்டது. முடித்துக் கொடுத்த வேலைக்கும் பணம் வரவில்லை. ஐந்து கம்பெனிகளிடம் 4 லட்சத்து 72 ஆயிரம் நிற்கிறது. அதில் 72 ஆயிரம் ஜி.எஸ்.டி. அதை என் கைப்பணத்திலிருந்து கட்டிவிட்டேன். கேட்டால் “இன்னும் சின்னக் கரெக்‌ஷன் இருக்கே” என்கிறார்கள். 2022இல் ஒரு ஏஜென்ட் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுத்துக் கொடுத்தார். அவரே இப்போது 10 லட்சம் முத்ரா கடன் வாங்கித் தருகிறேன், 5 சதவீதம் கமிஷன் என்கிறார். கடன் வாங்கவா, ரேட்டைக் குறைக்கவா, ஜி.எஸ்.டி பதிவை ரத்து செய்யவா?

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வேலை குறைந்தது உண்மைதான், ஆனால் கழுத்தைப் பிடிப்பது அதுவல்ல. உங்கள் மூன்று மாத வரவு அடுத்தவர் கையில் இருக்கிறது. அதை வாங்காமல் கடன் எடுத்தால், உங்கள் வாடிக்கையாளரின் கடனுக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் அந்த ஏஜென்டை முடித்துவிடுவோம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பானும் இருந்தால் அரசு தளத்தில் நீங்களே அரை மணி நேரத்தில் செய்யலாம். அரசுத் தளம் போலவே சின்னமும் நிறமும் வைத்துப் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடினால் முதலில் வந்து நிற்கின்றன. வெப் டிசைன் தொழிலில் இருக்கும் நீங்களே ஏஜென்டிடம் ஏமாந்திருக்கிறீர்கள் என்றால் மற்றவர்கள் கதி என்ன? போகட்டும், 2,500 ரூபாய் போனது பெரிதில்லை. அவர் சான்றிதழில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. இன்றே எடுத்துப் பாருங்கள். உங்கள் தொழில் ‘சேவை’ என்று இருக்க வேண்டும். வெப் டிசைனுக்கான தொழில் குறியீடு 62012. பல ஏஜென்டுகள் யோசிக்காமல் கம்ப்யூட்டர் விற்பனை, சில்லறை வியாபாரம் என்று எதையாவது தட்டிவிடுகிறார்கள். வியாபாரிகளுக்கு 2021இல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும். நிலுவையை வசூலிக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. என்னிடம் வந்த ஒரு டிசைனர், வியாபாரி என்ற பதிவோடு இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தார். மனு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை.

முத்ரா கடனுக்கும் இடைத்தரகர் என்று யாரும் இல்லை. வங்கிக் கிளைக்கு நேரே போய்க் கேட்கலாம். 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கேட்கக் கூடாது. மேலாளர் தருவாரா, அலையவிடுவாரா என்பது வேறு கதை. அதற்கு ஒரு தரகருக்கு 50 ஆயிரம் கொடுப்பதால் மேலாளர் மனது மாறப்போவதில்லை. அவர் முன்பணம் கேட்டால் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். உங்கள் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரத்தை ஏற்கெனவே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், உங்கள் பெயரில் எங்காவது கடன் விசாரணை நடந்திருக்கிறதா என்று, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒருமுறை பாருங்கள்.

சரி, இனி அந்த 4 லட்சத்து 72 ஆயிரம்.

2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் சொல்வது இவ்வளவுதான்: குறு, சிறு நிறுவனத்திடம் சேவை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ‘90 நாள் கிரெடிட்’ என்று உங்களிடம் கையெழுத்தே வாங்கியிருந்தாலும் 45தான். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் உங்களுக்கு வர வேண்டிய வட்டி 18. வருமான வரிக் கணக்கில் அந்த வட்டியை அவர் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ‘சின்னக் கரெக்‌ஷன்’ என்றீர்களே, ஓட்டை அங்கேதான் இருக்கிறது. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அந்த 15, 45 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது? பில் தேதியிலிருந்து இல்லை. வாங்கியவர் வேலையை ‘ஏற்றுக்கொண்ட’ நாளிலிருந்து. நீங்கள் வேலையை ஒப்படைத்து 15 நாளுக்குள் அவர் எழுத்தில் ஆட்சேபம் எதுவும் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிட்டால், அதை நீங்கள் சரிசெய்து கொடுத்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். பனியன் கட்டு குடோனில் இறங்கினால் இறங்கிய தேதி எல்லோருக்கும் தெரியும். வெப்சைட் எந்த நாளில் முடிந்தது? உங்கள் தொழிலில் யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாத தேதி அதுதான். லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கு, அந்த போட்டோவை மாற்று, முதலாளியின் மகன் ஊரிலிருந்து வந்து பார்க்கட்டும் என்று மாதம் மூன்று போய்விடும். வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு மெசேஜையும் நாளைக்கு அவர் வக்கீல் ‘எழுத்தில் சொன்ன ஆட்சேபம்’ என்று எடுத்து வைப்பார். அதே வக்கீல், 20 நாள் கழித்து வந்த மெசேஜையும் சேர்த்தே வைப்பார். எது 15 நாளுக்குள் வந்தது, எது பின்னால் வந்தது, எது குறை, எது புதிதாகக் கேட்ட வேலை என்று பிரித்துக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

ஆகவே, ஐந்து கம்பெனிகளுக்கும் ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். சைட் லைவ் ஆன தேதி, லாகின் விவரத்தை அவர்களுக்கு அனுப்பிய மெயிலின் தேதி, அதிலிருந்து 15 நாளுக்குள் வந்த கரெக்‌ஷன்கள், ஒவ்வொன்றையும் முடித்த தேதி. பின்னால் கேட்டவற்றைத் தனியாக எழுதுங்கள், தலைப்பு ‘கூடுதல் வேலை’. இனி எடுக்கும் வேலைகளில், முடிந்த அன்றே ஒரு மெயில்: “இன்று வேலையை ஒப்படைத்துவிட்டோம். குறை இருந்தால் 15 நாளுக்குள் மெயிலில் தெரிவிக்கவும்.” இரண்டு வரிதான். இதை அனுப்பக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழகின முதலாளி, டீ வாங்கித் தருகிறவர், அவரிடம் போய் எப்படி என்று. அந்த முதலாளி சனிக்கிழமை பட்டுவாடா லிஸ்டில் டெய்லர் பெயர், செக்கிங் பெயர், லோடு ஆட்டோக்காரர் பெயர் எல்லாம் எழுதுவார். உங்கள் பெயர் எந்தச் சனிக்கிழமையும் அதில் இருக்காது, ஏனென்றால் நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் அழுத்தம் கொடுக்க உங்கள் கையில் இரண்டு பிடி இருக்கிறது. சண்டை போட வேண்டியதில்லை, கம்பெனியின் கணக்காளரிடம் பேசினால் போதும். ஒன்று வருமான வரி. 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31ஐத் தாண்டினால், அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது, லாபமாகக் கணக்காகி வரி விழும். கொடுக்கிற வருடத்தில்தான் கழிவு. இன்னொன்று ஜி.எஸ்.டி. உங்கள் பில்லைக் காட்டி அவர் உள்ளீட்டு வரியை எடுத்திருந்தால், அதாவது அந்த பில்லில் உள்ள ஜி.எஸ்.டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்திருந்தால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்ததை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். முதலாளிக்கு உங்கள் மெயிலைப் படிக்க நேரம் இருக்காது. ஆடிட்டிங்கில் மாட்டிக்கொள்ளப்போகிற கணக்காளர் படிப்பார். உங்கள் உத்யம் எண்ணை பில்லில் அச்சிடுங்கள், சான்றிதழ் நகலை அவருக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் பெயரில் அடுத்தவர் பிடித்துக் கட்டிய வருமான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸையும் திறந்து பாருங்கள். அந்த ஐந்தில் யாராவது உங்கள் பெயரில் அப்படி வரி (டி.டி.எஸ்) கட்டியிருந்தால், பில்லைக் கணக்கில் ஏற்றிவிட்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வேலையே முடியவில்லை என்று பிறகு அவர் சொல்வது எடுபடாது.

இதற்கும் மசியாதவர்கள் மேல் எம்.எஸ்.எம்.இ அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போடலாம். அது, இந்த மாதிரி நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகும். மனு 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் எந்த ஊர்க் காலண்டரைப் பார்த்து எழுதினார்களோ! நோட்டீஸ் போய்ச் சேரவே 90 நாள் ஆகிற மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் போடுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால், முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதனால்தான் மனு எண் வந்ததுமே சிலர் போனை எடுக்கிறார்கள். அதற்கும் “நான் உள்ளே ஆள் வைத்திருக்கிறேன், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் வருவார். வழி அனுப்பிவிடுங்கள்.

கோபத்தில் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சைட்டை முடக்குவது, டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்வது. உங்கள் ஆட்கள் முதலில் கை வைப்பது அதில்தான். எழுத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாமல் சைட்டை நிறுத்தினால், பணம் தராதவர் பாதிக்கப்பட்டவராக மாறி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஹோஸ்டிங் கெடு முடிந்து, புதுப்பிக்கும் பணம் அவர் தரவில்லை என்றால், உங்கள் காசைப் போட்டுப் புதுப்பிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முன்கூட்டியே மெயில் அனுப்பிவிட்டு விட்டுவிடலாம்.

ஜி.எஸ்.டிக்கு வருகிறேன். வராத பணத்துக்கு வரி கட்டியதைத் திரும்ப வாங்க முடியுமா என்றால், முடியாது. வாராக்கடனுக்கு ஜி.எஸ்.டியில் நிவாரணமே இல்லை. பழைய சேவை வரியில், 50 லட்சம் வரை வரவுள்ள தனிநபரும் பங்குதாரர் நிறுவனமும் பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டினால் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி வந்தபோது அது காணாமல் போனது. ஒரே நாடு, ஒரே வரி என்று சொன்னவர்களுக்கு மூன்று பேர் வேலை செய்யும் மாடி அறை கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அதற்காக “டாக்ஸ் பில் போடாதே, ப்ரொஃபார்மா (வரிக் கணக்கில் வராத உத்தேச பில்) கொடுத்து ஓட்டு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேவை முடிந்த 30 நாளுக்குள் வரி பில் போட்டே ஆக வேண்டும். செய்யக்கூடியது வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது: ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு முன்பணம், டிசைன் முடிவானதும் ஒரு பங்கு, லைவ் ஆவதற்கு முன் மீதி. முன்பணத்துக்கும் வரி உண்டுதான், ஆனால் அந்த வரி வாடிக்கையாளர் காசிலிருந்து போகிறது.

பதிவை ரத்து செய்வதைப் பொறுத்தவரை, சேவைக்கு வரம்பு 20 லட்சம், உங்கள் வரவு 18. சட்டப்படி விலகலாம். ஆனால் ஏற்றுமதிக் கம்பெனி ஜி.எஸ்.டி பில் இல்லாதவரிடம் அடுத்த வேலை கொடுப்பது கடினம். உங்கள் வாடிக்கையாளர்கள் டாக்டர்கள், டியூஷன் சென்டர்கள் என்று மாறிய பிறகு யோசியுங்கள். அதுவரை ரிட்டர்னை விட்டுவிடாதீர்கள். வேலையே இல்லாத மாதத்துக்கும் தாக்கல் உண்டு, தாமதமானால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும்.

ரேட்டைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் தராத கம்பெனி, குறைந்த ரேட்டுக்கும் பணம் தராது. குறைக்கத்தான் வேண்டுமென்றால் வேலையின் அளவைக் குறையுங்கள்: பத்துப் பக்கத்துக்கு ஐந்து பக்கம், இரண்டு முறை கரெக்‌ஷன், அதற்கு மேல் தனிக் கட்டணம். கையில் இருக்கும் பழைய சைட்டுகளின் வருடப் பராமரிப்புதான் இந்த மாதிரிக் காலத்தில் சோறு போடும். எத்தனை சைட்டுக்கு ஒப்பந்தம் இல்லாமலே இலவசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே சங்கடமாக இருக்கும். 2011இல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, 2016இல் நோட்டு செல்லாமல் போனது, 2020இல் ஊரே பூட்டியது. ஒரே தொழிலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத் திருப்பூரில் ஒவ்வொரு முறையும் அடி பலமாக விழுந்திருக்கிறது. பாதிக்கு மேல் பனியன் கம்பெனி என்பதை மூன்றில் ஒன்றாகக் கொண்டுவர ஒரு வருடமாவது ஆகும், இப்போதே தொடங்குங்கள்.

கடைசியாக, ஐந்து பேரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஆர்டர் இருந்தும் இழுத்தடிக்கிறவருக்கு முதல் கடிதம் போகட்டும், வட்டிக் கணக்கோடு. ஆர்டர் ரத்தாகி உண்மையிலேயே நொடித்துப் போனவரிடம் வட்டி பேசாதீர்கள், மாதம் ஐந்தாயிரம் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தவணைத் தேதிகளை மட்டும் அவர் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.