39 பேர், ஒரே சீட்டு: கேள்வி பதில்

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வாக்கெண்ணும் நிலையங்களில் பல தேர்தல் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வதனி: 39 பேரும் கடைசிவரை நின்றார்களா?
இல்லை. சுயேட்சை வேட்பாளர் ஐதுரூஸ் முகமது இலியாஸ் ஓகஸ்ட்டில் காலமானார். பெயர் மட்டும் வாக்குச் சீட்டில் இருந்தது. சீட்டு 27 அங்குல நீளம். நாலைந்தாக மடித்துப் போட்டிருப்பார்கள். பிரித்து, மேசையில் உள்ளங்கையால் நீவிவிட்டால்தான் புள்ளடி (X அடையாளம்) எங்கே என்று தெரியும்.

சுரேன்: நானும் சுயேட்சையாக நிற்கலாமா, அண்ணா?
எம்.பி.யாக இருந்திருக்கிறீர்களா தம்பி? இல்லையென்றால் முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நிறுத்தினால் நிற்கலாம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு 50,000 ரூபாய், சுயேட்சைக்கு 75,000. எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காவிட்டால் அதுவும் போச்சு. 2024இல் வென்ற அநுர குமார திசாநாயக்க, இரண்டாம் இடம் வந்த சஜித் பிரேமதாச, சுயேட்சையாக காஸ் சிலிண்டர் சின்னத்தில் நின்ற ரணில் விக்கிரமசிங்க ஆகிய மூவரும்தான் தப்பினார்கள்.

கமல்: பிறகு மற்றவர்கள் ஏன் நிற்கிறார்கள்? எல்லாம் டம்மிதானே?
சிலர் டம்மிதான். வேட்பாளர் என்றால் எண்ணும் நிலையத்துக்கு முகவர் அனுப்பலாம், அரச தொலைக்காட்சியில் இலவச நேரம் கிடைக்கும். பெரிய வேட்பாளருக்கு அது கைகொடுக்கும். ஆனால் எல்லாரையும் அப்படித் தள்ளாதீர்கள். 2019இல் அநுர எடுத்தது 3.16 வீதம், கட்டுப்பணமும் போனது. ஐந்தே வருடத்தில் ஜனாதிபதி.

நிஷா: இரண்டு பேரைப் பிடித்தால் இரண்டு புள்ளடி போடலாமா?
கூடாது! சீட்டு குப்பைக்குத்தான் போகும். விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். 2024இல் நிராகரிக்கப்பட்டவை மட்டும் 3,00,300.

ரவி: சங்குக்குப் போட்டது வீண் வாக்குத்தானே?
இந்த ஒன்றையே ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன். சங்கு சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் நாடு முழுக்க எடுத்தது 2,26,343. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 1,21,177, இவருக்கு 1,16,688. அவருடைய தமிழரசுக் கட்சியே சஜித்தை ஆதரித்த பிறகும் இந்த எண்ணிக்கை. 2019இல் தமிழ் வேட்பாளராக நின்ற சிவாஜிலிங்கம் எடுத்த 12,256 உடன் வைத்துப் பாருங்கள். 1982இல் குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் முதலிடமே வந்தார். வெல்ல முடியாது என்பது போட்டவருக்கும் தெரியும்.

ரவி: ஆனால் அந்த வாக்குகளால் முடிவு மாறவில்லையே, ஐயா?
சங்கு வாக்குகள் மட்டும் போதாது. மற்றவர்களின் வாக்குகளையும் சேர்த்தால் மாற்ற வழி இருந்தது, பயன்படுத்தவில்லை. முதல் இருவர் தவிர மற்றவர்களின் சீட்டு 33 இலட்சத்துக்கு மேல். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், வரலாற்றிலேயே முதல் தடவையாக அவற்றை இரண்டாம், மூன்றாம் விருப்புக்காகப் பார்த்தார்கள். அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. மிச்சச் சீட்டுகளில் இருவருக்கும் ஒன்றுமில்லை. சங்குக்கு 1 போட்டுவிட்டு 2 போட்டால் முதல் வாக்குக்கு ஒரு குறையும் வராது.

குமார்: அப்படியென்றால் பகிஷ்கரிப்பதுதான் சரி என்கிறேன்.
ரவியோடு பேசிக்கொள்ளுங்கள், இருவரும் எனக்கு இடம் விடுங்கள்.

தர்ஷன்: இரண்டு புள்ளடி போட்டால்...
நிஷாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

மாலதி: பெண் வேட்பாளர்?
39இல் ஒருவர்கூட இல்லை. சந்திரிகா வென்ற நாடு இது.