கேரவனில் சூடும் இன்ஜின் சத்தமும்: வாசகர் கேள்விகள்

வேனைக் கேரவனாக மாற்றுகிறோம். கூரையில் ஃபாயில் ஷீட் ஒட்டியும் கத்திரி வெயிலில் உள்ளே நிற்க முடியவில்லை. (தண்டையார்பேட்டை)

ஃபாயிலைத் தகரத்தோடு அழுத்தி ஒட்டியிருப்பீர்கள். அது வெப்பக் கதிர்வீச்சைத்தான் தடுக்கும்; அதற்கும் தகரத்துக்கும் நடுவே 20 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். தகரத்தைத் தொட்டால் சூடு நேராக உள்ளே இறங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு 19 அல்லது 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். ஏசி டக்டில் (காற்றுக்குழாயில்) சுற்றுகிற அதே கறுப்பு ஷீட்தான். கூரையின் குறுக்குச் சட்டங்களையும் 6 மி.மீ. ஷீட்டால் மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரும்பு வழியே சூடு வரும். பசையைத் தகரம், ஷீட் இரண்டிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் முதல் வெயிலிலேயே தொங்கும். கூரைக்கு வெளியே வெள்ளை பெயிண்ட் அடிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம்.

தெர்மாகோல் போதாதா? (வியாசர்பாடி)

போதாது. ஒட்டப் பயன்படும் ரப்பர் சொல்யூஷன் பசை பட்டால் கரையும், சூட்டில் சுருங்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

பழைய வேன். இன்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவில். பேசினால் கேட்பதில்லை. (மணலி)

ஷீட் வாங்கும் முன் ஓட்டைகளைப் பாருங்கள். இன்ஜின் மூடியின் விளிம்பைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் பீடிங் போய்விட்டது. கியர் ராடு உறை, ஒயர் போகும் துளைகள் எல்லாவற்றையும் அடையுங்கள். விரல் நுழையும் ஒரு துளை போதும், மற்ற வேலையெல்லாம் வீண்.

அடுத்து, மூடியின் கேபின் பக்கத்தைத் தின்னரால் துடைத்து, தகட்டின் நடுப்பகுதியில் 2 மி.மீ. ப்யூட்டைல் ஷீட்டை (ஒட்டும் தன்மையுள்ள கனத்த ரப்பர்) ரோலர் போட்டு ஒட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு பரப்பு போதும். தட்டினால் 'டங்' என்பது 'டொக்' என்றாக வேண்டும். இது அதிர்வை மட்டுமே அடக்கும். சத்தத்தைத் தடுக்க அதன்மேல் 10 மி.மீ. ஃபோம், அதற்கும் மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனத்த வினைல் ஷீட். வினைலை ஸ்க்ரூ போட்டுத் தகட்டோடு இறுக்கினால் அதிர்வு மறுபடி ஏறிவிடும்.

மூடியின் இன்ஜின் பக்கத்தில் ஃபாயில் முகம் கொண்ட, தீப்பிடிக்காத ரக ஷீட் மட்டுமே. எக்ஸாஸ்ட் அருகே எதையும் ஒட்டாதீர்கள். அங்கே காற்று இடைவெளி விட்டுத் தகர ஷீல்டு. மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். சூட்டில் இளகி நாறும். ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தேய்ந்திருக்கும். அதற்கு ஷீட் மருந்தல்ல.

காசிமேட்டில் வண்டி நிற்கிறது. உப்புக்காற்றில் துரு வருமா?

கண்ணாடிப் பஞ்சு வைத்தால் நிச்சயம் வரும். ஈரத்தைக் குடித்துத் தகரத்தோடு பிடித்துவைக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எபாக்ஸி ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். ஷீட்டுகளின் இணைப்புகளையும் டேப்பால் மூடுங்கள். ஏசி ஓடும்போது ஈரக்காற்று அங்கேதான் நுழைந்து வியர்க்கும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.