பெற்றோர் 90-ஐத் தாண்டியவர்கள், எனக்கு 76-இல் புற்றுநோய்: அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு 76 வயது. தந்தை 94 வயது வரையும் தாய் 91 வயது வரையும் இருந்தார்கள். அக்காவுக்கு இப்போது 84. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுவது தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம்) அளவு 7 என்று வந்ததால் பயாப்ஸி, அதாவது திசுச் சோதனை, எடுத்தார்கள். புராஸ்டேட் புற்றுநோய், அதன் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 6 என்று தெரிந்தது. கண்காணித்தால் போதும் என்கிறார் மருத்துவர். 'நம் குடும்பத்துக்கு ஆயுள் கெட்டி, இன்னும் 20 வருடம் இருப்பீர்கள், இப்போதே அறுவை சிகிச்சை செய்துவிடலாம்' என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மகனின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கிளீசன் 6 போன்ற மெதுவாக வளரும் புற்றுநோயில், நோயாளி இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கக்கூடும் என்பதை வைத்தே சிகிச்சையை முடிவு செய்கிறோம். ஆனால் அந்த ஆண்டுகளை அவர் தாத்தாவின் வயதிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்; அங்கேதான் பிழை.

1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்தபோது, மனிதர்களின் ஆயுளில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்குக்குத்தான் மரபு காரணம் என்று தெரிந்தது. கோடிக்கணக்கானோரின் வம்சாவளிப் பதிவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அது பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றது. ரத்த உறவே இல்லாத, திருமணத்தால் மட்டும் உறவான மைத்துனர்களின் ஆயுள்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போனதை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். வசதியிலும் பழக்கத்திலும் தம்மைப் போன்றவர்களையே மக்கள் மணக்கிறார்கள் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம்.

ஆகவே பெற்றோரின் வயதைவிட உங்கள் உடலின் இன்றைய நிலையே அதிகம் சொல்லும். அமெரிக்க ஆயுள் அட்டவணைகளைக் கொண்டு 2001-இல் வெளியான ஒரு கணக்கின்படி, 75 வயது ஆண்களில் கால்வாசிப் பேர் மேலும் 14 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள், பாதிப் பேர் 9 ஆண்டுகளைத் தாண்டினார்கள், கடைசிக் கால்வாசிப் பேருக்கு 5 ஆண்டுகூட வாய்க்கவில்லை. ஒரே வயதில் இத்தனை வித்தியாசம். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம்: தரையில் 4 மீட்டர் அளந்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டடி கூடுதலாக இடம் விட்டு, வழக்கமான வேகத்தில் நடந்து, அந்த 4 மீட்டருக்கு ஆகும் நேரத்தை மகனைக் குறிக்கச் சொல்லுங்கள். 5 விநாடி ஆனால் உங்கள் வயதுக்குரிய நடுத்தர ஆயுளை எதிர்பார்க்கலாம். 4 விநாடிக்குள் முடித்தால் அதைவிட அதிகம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, கடந்த ஓராண்டில் காரணமில்லாமல் எடை குறைந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 10 ஆண்டுகளுக்கு மேல் இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்வேன். அப்படி எடுத்துக்கொண்டாலும் உடனடி அறுவை சிகிச்சைக்கு அது போதிய காரணமாகாது. பிரிட்டனில் புராஸ்டேட் புற்றுநோய் இருந்த, 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சையும் இன்னொன்றுக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, மூன்றாவது குழுவைக் கண்காணிப்பில் வைத்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல் வெளியான முடிவில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுவிலும் 3 சதவீத அளவிலேயே இருந்தார்கள். கண்காணிப்புக் குழுவில் நோய் வேறு இடங்களுக்குப் பரவியது 9 சதவீதம் பேருக்கு, மற்ற இரண்டிலும் சுமார் 5. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. அதே நேரத்தில், அறுவை சிகிச்சைக்கு 6 மாதம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் 46 சதவீதம், கண்காணிப்பில் 4. அவர்களெல்லாம் உங்களைவிட இளையவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

'கண்காணிப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு வழிகளைக் குறிக்கிறோம் என்பதால் குழப்பம் வருகிறது. ஒன்றில், குறிப்பிட்ட இடைவெளியில் பிஎஸ்ஏ பார்த்து, தேவைப்படும்போது எம்ஆர்ஐயும் மறு பயாப்ஸியும் செய்து, நோய் தீவிரமடைந்தால் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மாறுவார்கள். மற்றொன்றில், தொந்தரவு வந்தபின் அதைத் தணிக்க மட்டும் மருந்து தருவார்கள். அது உடல் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு உரியது. உங்கள் மருத்துவர் எதைச் சொன்னார் என்று கேளுங்கள். உங்களுக்கு முதல் வழியே பொருந்தும் என்பது என் கருத்து. கிளீசன் 8 அல்லது 9 என்று வந்திருந்தால் இதே வயதில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதியிருப்பேன்.

குடும்ப வரலாற்றை ஒரு காரணத்துக்காக மட்டும் விசாரியுங்கள். தந்தைக்கோ அவர் சகோதரர்களுக்கோ புராஸ்டேட் புற்றுநோய், தாய் வழியிலோ தந்தை வழியிலோ பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், பிஆர்சிஏ-2 என்ற மரபணு மாற்றத்துக்குச் சோதிப்பது நல்லது. அது இருப்பவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வேகமாக வளரக்கூடும் என்பதால் மருத்துவரின் முடிவே மாறலாம். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்பது அக்காவுக்கு நினைவிருக்கும். அடுத்த சந்திப்புக்கு முன் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.