டேட்டா இருக்கு, சரி. அப்புறம்?
பங்குச் சந்தை கேள்வி-பதில்

இந்த முறை பாதிப் பேர் கேள்வியோடு எக்செல் கோப்பையும் அனுப்பியிருக்கிறீர்கள். நல்லது. அனுப்புவதற்கு முன் நீங்களும் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

கே: 2024 அக்டோபர் கடைசியில் ரிலையன்ஸ் ஒரே நாளில் 2,650-லிருந்து 1,330-க்கு விழுந்ததாக என் டேட்டாவில் இருக்கிறது. இப்படிப்பட்ட சரிவுகளில் வாங்கிப்போட்டால் லாபம் வருமா? (சேலம்)

விழவே இல்லையே! ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். பங்கு இரண்டானது, விலை பாதியானது. உங்கள் டேட்டா பவ்காப்பி, அதாவது எக்ஸ்சேஞ்ச் தினமும் வெளியிடும் விலைக் கோப்பு. அதில் இருப்பது அந்தந்த நாளின் விலை மட்டும்தான். போனஸ், ஸ்பிளிட் (பங்கைச் சிறிதாகப் பிரிப்பது), டிமெர்ஜர் (கம்பெனியையே பிரிப்பது) என்று எது நடந்தாலும் பழைய நாள் விலைகளை அதில் யாரும் திருத்தி வைக்க மாட்டார்கள். அது உங்கள் வேலை. ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கிய வரிகளைத் தனியே எடுத்து, எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கம்பெனியின் அசல் அறிவிப்பைத் திறந்து பாருங்கள். ரிலையன்ஸ் நிஜமாகவே பாதியாகியிருந்தால் உங்களுக்கு எக்செல் மூலமாகவா தெரிய வந்திருக்கும்?

கே: ஒரு சின்னப் பங்கில் இரண்டு வாரமாக டெலிவரி 100 சதவீதம். பெரிய கைகள் சேர்க்கிறார்களா? (நாகர்கோவில்)

பக்கத்துக் கட்டத்தில் சீரிஸ் என்ன என்று பாருங்கள். ‘BE’ என்றிருக்கும். டிரேட்-டு-டிரேட் பிரிவு அது. வாங்கியதை அன்றே விற்றுக் கணக்கை நேர் செய்ய முடியாது, எனவே நடக்கிற வியாபாரம் எல்லாமே டெலிவரிதான். பல சமயம் கண்காணிப்புக்காகத்தான் ஒரு பங்கை அங்கே தள்ளுவார்கள். நீங்கள் சந்தோஷப்படும் இடமே எச்சரிக்கைப் பலகை.

கே: புட்-கால் ரேஷியோ (விலை இறங்கும் என்ற புட், ஏறும் என்ற கால் ஆப்ஷன்களின் விகிதம்) 1.4. வாங்கலாமா? (சென்னை)

எதை?

கே: பல்க் டீல் (ஒரே நாளில் நடந்த பெரிய வியாபாரங்கள்) பட்டியலில் ஒரு பெரிய பெயர் வாங்கியிருக்கிறது. பின்னாலேயே நாமும் வாங்கலாம்தானே? (ஈரோடு)

அதே பட்டியலில் விற்றவர் பக்கத்தையும் படித்தீர்களா? கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அரை சதவீதத்துக்கு மேல் ஒருவர் அன்று வியாபாரம் செய்தால் பெயர் வந்துவிடும். காலையில் வாங்கி மூன்று மணிக்குள் விற்றிருந்தாலும் வரும். இரண்டு பக்கமும் அதே பெயர், ஏறக்குறைய அதே எண்ணிக்கை என்றால் அது முதலீடு இல்லை, ஜாபிங்; அன்றே வாங்கி அன்றே விற்கிற வியாபாரம். நிஜமாகவே வைத்திருக்கிறார்களா என்பது கம்பெனி காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடும் பங்குதாரர் பட்டியலில் (ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்) தெரியும். அதில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர் இருக்கும். அசலைத் திறந்து பாருங்கள்.

கே: நிஃப்டி 50 பங்குகளை வைத்து 2008 முதல் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது) செய்தேன். மாதாமாதம் அதிகம் ஏறிய ஐந்து பங்குகளை வாங்கும் முறை. ஆண்டுக்கு 34 சதவீதம் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா சார்? (திருப்பூர்)

விடாதீர்கள். இந்தக் கடிதம் ஊரும் சதவீதமும் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

நீங்கள் எடுத்திருப்பது இன்றைய ஐம்பது. 2008-ல் அந்தப் பட்டியலில் சத்யம் இருந்தது. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் இருந்தன. 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் ஒரே நாளில் முக்கால்வாசி மதிப்பை இழந்தது. யெஸ் பேங்க் பிற்பாடு உள்ளே வந்து, 2020 மார்ச்சில் வெளியே போனது. உங்கள் கோப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதே சமயம் பஜாஜ் ஃபைனான்ஸ் இருக்கிறது, டைட்டன் இருக்கிறது. அவை நிஃப்டிக்குள் வந்ததே 2017, 2018-ல்தான். பல மடங்கு ஏறியதால்தான் வந்தன. அப்படியிருக்க 2008-லேயே உங்கள் எக்செல்லுக்கு அவற்றை யார் சொன்னது? இது ரிசல்ட் வந்த பிறகு பாஸானவர்களை மட்டும் கூப்பிட்டுத் தேர்வு வைப்பது மாதிரி.

அப்புறம், மாதக் கடைசி நாளின் குளோசிங் விலையை வைத்து ஐந்து பங்கைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதே குளோசிங் விலைக்கே வாங்கியதாகவும் எழுதுகிறீர்கள். சந்தை மூடியாயிற்று. நிஜத்தில் மறுநாள் காலை விலைதான் கிடைக்கும்; நன்றாக ஏறிய பங்கு பல சமயம் முந்தைய நாள் விலைக்கு மேலேயே திறக்கும்.

செலவு என்று ஒரு கட்டம்கூட இல்லை. டெலிவரியில் வாங்க 0.1, விற்க 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. மாதாமாதம் ஐந்தையும் மாற்றினால் அது மட்டுமே வருஷத்துக்கு இரண்டரை சதவீதம் அளவுக்கு. அதற்கு மேல், லாபத்தில் குறுகிய கால வரி 20 சதவீதம்.

நிஃப்டி பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இரு முறை மாற்றப்படும். எது வந்தது, எது போனது என்ற அசல் அறிவிப்புகளை எடுத்து, அந்தந்த வருஷப் பட்டியலோடு மறுபடி ஓட்டுங்கள். 34 எவ்வளவாகிறது என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். இதுவரை யாரும் எழுதியதில்லை.

கே: 2021 மார்ச் முடிந்து ஏப்ரல் தொடங்கும் சமயத்தில் நிஃப்டி பிஇ (விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 40-லிருந்து 33-க்கு இறங்கியது ஏன்? அப்போது சந்தை அந்த அளவு சரியவில்லையே? (மதுரை)

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், சபாஷ். அதுவரை தாய்க் கம்பெனியின் தனி லாபத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அப்போதிலிருந்து துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபம். எனவே அதற்கு முந்தைய பிஇ-யோடு இன்றையதை ஒப்பிட்டு ‘சந்தை மலிவு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கே: ஸ்கிரீனரில் (பங்குகளை வடிகட்டிக் காட்டும் தளம்) பிஇ 4 என்று ஒரு பங்கு. அள்ளலாமா? (கரூர்)

நிலத்தை விற்ற பணம் லாபத்தில் சேர்ந்திருக்கலாம். ‘இதர வருமானம்’ என்ற வரியைப் பாருங்கள். ஸ்கிரீனரில் இல்லை, அசல் ரிசல்ட்டில்.

கே: ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) பார்த்து ஆப்ஷன் டிரேடிங் கற்றுக்கொண்டேன். நகைக்கடன் 3 லட்சம் வாங்கித் தயாராக இருக்கிறேன். எந்த ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் குறிக்கப்படும் விலை) நல்லது? (தஞ்சாவூர்)

ஓப்பன் இன்ட்ரஸ்டில் ஒவ்வொரு வாங்கியவருக்கும் ஒரு விற்றவர் உண்டு. எண் கூடியது தெரியுமே தவிர, விவரம் தெரிந்தவர் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. செபியே கணக்கெடுத்தது: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரியாக 2 லட்சம். கடன் வாங்கி வராதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது! ஸ்ட்ரைக் எல்லாம் அப்புறம். பணம் இன்னும் கையில்தானே இருக்கிறது? இந்த வாரமே கட்டி நகையை மீட்டால் சில நாள் வட்டியோடு போகும்.