இலவசமாகக் கதை எழுதுகிறவர் தொடரைப் பாதியில் நிறுத்தினால் வாசகர் கோபப்படுவது நியாயமா?

கோபப்படலாம், அதை யாரும் தடுக்க முடியாது. அந்தக் கோபத்தைக் காட்டி வேலை வாங்கலாமா என்பதுதான் விஷயம். திட்டு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். ரப்பர் பால்வெட்டு தொழில். பிப்ரவரி வாக்கில் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது வெட்டு கிடையாது. அப்படிச் சும்மா இருந்த நாட்களில், ஒரு செயலியில் பேய்க்கதை ஒன்றைத் தொடராக எழுத ஆரம்பித்தேன். பைசா வருமானம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் ‘தொடரும், அடுத்த வெள்ளி’ என்று போட்டேன். இந்த வெள்ளியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரலில் வெட்டு தொடங்கியது. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துவிட்டு வந்து படுத்தால், கையில் ஒட்டுப்பால் நாற்றம்கூடப் போயிருக்காது. போனைத் தொடவே தோன்றாது. மூன்று வெள்ளி அப்படியே போயிற்று.

முதலில் “அண்ணே, எப்ப போடுவிய?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். நாலாவது வாரம் நான் வாசகரை மதிக்கத் தெரியாதவன் ஆகிவிட்டேன். ஒருவர் கணக்கோடு வந்தார்: “உங்க மாவட்டத்துல இருந்துக்கிட்டு எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரியில தொடங்கி 2020 ஜூலை வரைக்கும் மகாபாரதக் கதையை வெண்முரசுன்னு இணையத்துல இலவசமாப் போட்டாரு, 26 நாவல். உமக்கு வாரம் ஒண்ணு முடியாதா?” கணக்கு சரிதான். ஆனால் அது அவருடைய வைராக்கியம். ஒருத்தர் ஊருக்கே சோறு போட்டார் என்பதற்காக, ஒரு கட்டன்சாயா கொடுத்தவனிடம் சாப்பாடு எங்கே என்று கேட்கலாமா?

எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். கேட்கிறவர் யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் புலவர் பாதியில் எழுந்து போக முடியாது. கமிட்டியிடம் அச்சாரம் வாங்கியிருக்கிறார். சாமி வரும் நேரத்துக்குக் கதையை அதற்குரிய இடத்தில் கொண்டு நிறுத்த வேண்டும். வில்லை அடிக்கிற வீசுகோல் சத்தம் போதாது, குடம் சரியில்லை என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். புலவர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார்.

நான் யாரிடமும் அச்சாரம் வாங்கவில்லை. ஒரு தடவை தவிர. கதை சூடாகப் போன மார்ச்சில் ஒரு அக்கா “சாயா குடிங்க தம்பி” என்று ஜிபேயில் 200 ரூபாய் அனுப்பினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ரெண்டு வாரம் கழித்து, “அந்தப் பிள்ளைய மட்டும் சாகடிச்சிராதீங்க, நான் பைசா வேற அனுப்பியிருக்கேன்” என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம். அடுத்த வெள்ளி அந்தப் பிள்ளை செத்துப் போனாள்.

சரி, ‘அடுத்த வெள்ளி’ என்று போட்ட விஷயத்துக்கு வருகிறேன். அது என் வாயால் நானே சொன்ன வார்த்தை, யாரும் கேட்டு வாங்கியதில்லை. வெள்ளிக்கு வரும் என்று சொன்னவன், வராது என்றும் சொல்லியிருக்க வேண்டும். நானோ எல்லா மெசேஜையும் படித்துவிட்டுப் படிக்காதது மாதிரி இருந்தேன். திட்டியவர்களில் பாதிப்பேர் கேட்டது கதையைக்கூட இல்லை, ஒரு பதிலைத்தான். அந்த மட்டில் என் மேல்தான் தப்பு.

ஜூனில் மழையால் வெட்டு நின்ற ஒரு நாள் நாலு வரி போட்டேன்: வேலை இருக்கிறவரை எழுத முடியாது, இனி இலை உதிரும்போது பார்க்கலாம். மழைநாளில் எழுதலாமே என்பீர்கள். வெட்டு இல்லாத நாள் கூலி இல்லாத நாள். அன்றைக்கு மனசில் பேய் வராது, கடன்காரர் முகம்தான் வரும்.

பெரும்பாலானோர் “சரிண்ணே” என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும், முடிவையாவது ரெண்டு வரியில் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை. எனக்கே இன்னும் தெரியாது.