மண்டபம் வேண்டாம் என்று ரொறன்ரோவுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: தம்பலகாமத்துப் பக்கம் ஒரு வயல் கிராமம் எங்களுடையது. நான் படிப்பித்து இளைப்பாறி, இப்போது ஊர் வாசிகசாலையின் செயலாளராக இருக்கிறேன். கனடா, லண்டன், சுவிஸ் என்று பரந்திருக்கும் எங்கள் ஊராக்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கும் பாடசாலைக்கும் நிறையச் செய்தவர்கள். இப்போது வாசிகசாலைக்குப் பக்கத்துக் காணியில் பெரிய மண்டபம் கட்டப் போகிறார்களாம். அத்திவாரத்துக்கென்று 6 லட்சம் ரூபாவும் அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது, பின்னேர வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படிப்பிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் தலா 25,000 ரூபா. அதைச் சொன்னால், "சம்பளம் முடிவில்லாத செலவு ரீச்சர்" என்கிறார்கள். அவர்களுடைய சூம் கூட்டம் எங்களுக்கு விடியப்புறம். நித்திரைத் தூக்கத்தில் "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு எழும்புகிறோம். காசு தேவைப்பட்டால்தான் நாங்களும் அவர்களுக்கு எழுதுகிறோம் என்பதும் உண்மை. ஓகஸ்ட்டில் அவர்களின் பிள்ளைகள் வந்தால் நிலாவெளியில் ஹோட்டல் எடுத்து நின்று, கோயிலில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பிறகு இந்தத் தொடர்பு மிஞ்சுமா? முகம் முறியாமல் எப்படி மறுத்துச் சொல்வது?

— இளைப்பாறிய ஆசிரியை, திருகோணமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள ரீச்சர்,

மண்டபத்தை அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பேர் வாங்கும் ஆசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. காசு போன இடம் தெரியாமல் போன கதைகளை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். தூரத்தில் இருக்கிறவருக்குக் கட்டடம் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. படம் வரும், திறப்பு விழாவுக்கு டிக்கெட் போடலாம். ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்கு பிடிபட்டதை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. அதோடு 1983இலும் 1990இலும் போனவர்களின் மனதில் உள்ள ஊர், பிள்ளைகள் நிறைந்த ஊர். அந்த ஊருக்குத்தான் அவர்கள் மண்டபம் கட்டப் பார்க்கிறார்கள். இந்த வருசம் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று நீங்கள் யாராவது அவர்களுக்கு எழுதினீர்களா?

இது எங்கள் சனத்துக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. ஆர்மேனியருக்கு 1992இல் தொடங்கிய ஒரு உலக நிதியம் இருக்கிறது. அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளையொட்டி லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து மணிக்கணக்காகத் தொலைக்காட்சியில் தோன்றிக் காசு சேர்ப்பார்கள். அசர்பைஜானுக்குள் ஆர்மேனியர் வாழ்ந்த நாகோர்னோ கராபாக்குக்கு மலையை ஊடறுத்துத் தெருப் போட்டதும், அங்கே பள்ளிக்கூடங்கள் எழுப்பியதும் அந்தக் காசில்தான். 2023 செப்டெம்பரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களுக்குள் அந்த மண்ணைவிட்டு வெளியேறினார்கள். கொடுத்தவர்களில் பிழை இல்லை, அது போர் செய்த வேலை. ஆனாலும் கட்டியதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த படிப்பு மட்டும் பிள்ளைகளோடு கூடப் போனது. 2006இல் வெளிக்கிட்டுப் பத்து வருசத்துக்குக் கிட்ட ஊர் திரும்ப முடியாமல் கிடந்த சம்பூர்ச் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சங்கத்துக்கு நீங்கள் விளக்கலாம்.

"முடிவில்லாத செலவு" என்ற வாதத்துக்கு அவர்களுடைய ஊரிலேயே பதில் இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைய 30 லட்சம் டொலர் சேர்த்துக் கொடுத்ததில் புலம்பெயர்ந்த தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. இருக்கை என்றால் என்ன? ஒரு பேராசிரியருக்குக் காலமெல்லாம் சம்பளம். அதற்குக் கொடுத்த கை உங்கள் சங்கத்திலும் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு கோணேசருக்கு விட்ட நிலத்தைச் சொல்கிறது. கொடுத்தவர்கள் கோயில் நாளாந்தம் நடக்க வேண்டும் என்று விளைகிற நிலத்தைக் கொடுத்தார்கள், கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பேர் வெட்டுவதை நக்கலடிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பேர் வெட்டுங்கள், சம்பளத்துக்கு வெட்டுங்கள்.

எப்படி என்றால், ஏற்கெனவே நடக்கிற ஒரு வழக்கத்தையே பிடித்துக்கொள்ளலாம். தாய் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு இங்கே ஒரு சிறுவர் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ சாப்பாடு கொடுக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து காசு வருகிறதுதானே? அதே கணக்கில் பன்னிரண்டு குடும்பத்தைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு மாதம், பெற்றோரின் திவசம் வருகிற மாதம். அந்த மாதம் இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்து 50,000 ரூபா அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. கனேடிய டொலரில் இருநூறு சொச்சம் வரும். வாசிகசாலைச் சுவரில் ஒரு பலகை, மாதத்துக்கு ஒரு பேர். ஒரு குடும்பம் விலகினால் ஒரு மாதம்தான் துண்டு விழும், வகுப்பு நிற்காது. முப்பது குடும்பம் வந்தால் இன்னும் நல்லது, விஞ்ஞானத்துக்கும் ஆள் பிடியுங்கள்.

ஆனால் ஊரும் கொஞ்சம் போட வேண்டும், இதில் நான் கண்டிப்பு. மெக்ஸிக்கோவில் சக்கதேக்காஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களின் ஊர்ச்சங்கங்கள் ஒரு பெசோ போட்டால், மத்திய அரசும் மாநில அரசும் நகரசபையும் ஆளுக்கு ஒரு பெசோ போடுகிற திட்டம் இருந்தது. 2002இல் அதை நாடு முழுவதற்கும் விரித்தார்கள். பிறகு மத்திய அரசு கையை எடுத்துவிட்டது, அது வேறு கதை. அங்கேயும் தேவாலயத் திருத்தம், சதுக்கம் என்றுதான் நிறையக் காசு போனது. என்றாலும் நகரசபை தன் பங்கைப் போடவேண்டி இருந்ததால், "இது இப்போது தேவையா?" என்று கேட்க ஊரிலும் ஒருவருக்கு உரிமை வந்தது. எங்கள் அரசாங்கத்திடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. உங்கள் வயல்காரரிடம் எதிர்பார்க்கலாம். பெரும்போக வெட்டு முடிய வீட்டுக்கு ஒரு புசல் நெல். விற்றால் வருவது பெரிய தொகை இல்லைத்தான். ஆனால் அடுத்த கூட்டத்தில் "எங்கள் பங்கு இவ்வளவு" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கும்போது, நீங்கள் கையேந்தி நிற்கிற ஆளாக இருக்கமாட்டீர்கள்.

கூட்ட நேரத்தையும் மாற்றக் கேளுங்கள். ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 8 மணி என்றால் கோடை காலத்தில் லண்டனில் பகல் 1, சுவிஸில் 2, உங்களுக்குப் பின்னேரம் 5.30. குளிர்காலத்தில் உங்களுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தும். எல்லாரும் முழித்திருக்கிற நேரம் இது. நித்திரைத் தூக்கத்தில் சொன்ன "ஓம்" பாதிப் பிரச்சினை, ரீச்சர்.

மற்றப் பாதி, நீங்களே எழுதியதுபோல, காசு தேவைப்படும்போது மட்டும் எழுதுவது. மாதம் ஒரு பக்கம் போதும்: வந்தது, போனது, மிச்சம், எத்தனை பிள்ளைகள் வந்தார்கள். கூடவே ஊர்ச் செய்தி இரண்டு வரி, யார் வீட்டில் கலியாணம், குளத்தில் தண்ணீர் எப்படி என்று. கணக்கைப் பார்க்கிறவர்களைவிட அந்த இரண்டு வரியை வாசிக்கிறவர்கள்தான் கூட இருப்பார்கள்.

காசை வங்கியால் மட்டும் எடுங்கள், இரண்டு பேர் கையொப்பமிடுகிற கணக்கில். 2022இல் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி கூடியபோது எல்லாரும் உண்டியலுக்கு, அதாவது வங்கியைத் தொடாமல் ஆள்வழி காசு அனுப்புகிற முறைக்குப் போனார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கிவழி அனுப்பியது 2021இல் 549 கோடி டொலர், 2022இல் அது 379 கோடிக்கு விழுந்தது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் உண்டியலில் வந்த காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை, நாளைக்கு யாராவது வந்து கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கேட்கிறவர்கள் வருவதும் உண்டு. அரசாங்கம் 2014இல் புலம்பெயர் அமைப்புகள் பலவற்றைத் தடைப்பட்டியலில் போட்டது. 2015இல் சிலவற்றை எடுத்து, 2021இல் திரும்பப் போட்டு, 2022இல் ஆறு அமைப்புகளை மறுபடி எடுத்தது. உங்கள் ஊர்ச்சங்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இராது. ஆனாலும் பட்டியல் இப்படி மாறுகிற நாட்டில், செயலாளர் தன் சொந்தக் கணக்கில் காசு எடுக்கக் கூடாது. வாசிகசாலை பதிவில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போகும்போது அந்தப் பக்கத்துக் காணியையும் விசாரியுங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிற் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதிக் காணி, உரிமையாளர் வெளிநாட்டில், இங்கே யாரோ ஒருவர் அவர் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தில் (அவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரத்தில்) பார்க்கிறார் என்றால், கொடுத்தவர் கண்மூடுகிற அன்றோடு அந்தத் தத்துவமும் முடிந்தது. பிறகு மண்டபம் ஒருவருடையது, நிலம் அவருடைய பிள்ளைகளுடையது. காணி வாசிகசாலையின் பேரில் வராமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு நீங்கள் யாருடைய முகத்தையும் முறிக்கத் தேவையில்லை, சட்டம் உங்களுக்காகப் பேசும்.

இனிப் பிள்ளைகள். கோட்டை வாசலில் மானோடு படம், கன்னியாவில் ஒரு வாளி சுடுதண்ணி, நிலாவெளியில் கடல். இதில் என்ன குற்றம்? இருபது வயதில் வேறென்ன செய்வார்கள்? தாய் தகப்பனுக்கு இது ஊர். பிள்ளைக்கு இது தாய் தகப்பனின் ஊர், அங்கே தனக்கென்று ஒரு வேலையும் இல்லாத இடம். வேலை கொடுத்துப் பாருங்கள். நான் சொன்ன அதே சனிக்கிழமை நேரத்தில், ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று, அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் கதைக்கட்டும். ஆங்கில இலக்கணம் உங்கள் ஆசிரியர் படிப்பிப்பார், வாய் கூசாமல் கதைக்க ஒரு துணைதான் தேவை. பதிலுக்கு உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளையிடம் தமிழில் இரண்டு கேள்வி கேட்கட்டும். முதல் மாதம் இரண்டு பக்கமும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போகும், பரவாயில்லை. பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், அதுவும் பரவாயில்லை. மிச்சம் நிற்கிறவர் அடுத்த ஓகஸ்ட்டில் வரும்போது தேடிப் போக ஒரு வீடு இருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இங்கே தொலைந்தவை அங்கே பெட்டிகளில் கிடக்கின்றன: பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், நினைவுமலர்கள், வகுப்புப் படங்கள். ஈழத்துத் தமிழ் எழுத்துகளை 2005இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்குள்ள பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் பெரியம்மா, மாமா வீடுகளிலும் தேடி, ஸ்கான் செய்து அனுப்பட்டும். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று எழுத ஊரில் இருக்கிற கிழடுகளால்தான் முடியும். அதற்கு அவர்கள் உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும். காசு கேட்காத கடிதம் அது.

கடைசியாக அந்தக் கடிதம். வட்சப்பில் தர்க்கப்படாதீர்கள். நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் எடுத்து, தலைவரும் நீங்களும் கையொப்பமிட்டு ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். "மண்டபம் வேண்டாம்" என்று எழுத வேண்டாம். காணி சரிவரும்வரை பிற்போடுகிறோம், இதற்கிடையில் வகுப்பை நடத்த உதவி தேவை, பன்னிரண்டு மாதத் திட்டம் இதோ என்று எழுதுங்கள். நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது, வந்திருக்கிற அத்திவாரக் காசு இரண்டு பேருக்கும் சரியாக ஒரு வருசச் சம்பளம். அதையும் ஒரு வரியில் சொல்லி, இதற்கு மாற்றிக்கொள்ளலாமா அல்லது திருப்பி அனுப்புவதா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை, ஆசிரியர்களுக்குச் சம்பளம் எவ்வளவு முட்டாக இருந்தாலும், அந்த 6 லட்சத்தில் ஒரு சதமும் தொடாதீர்கள்.